வயதான பூனையின் வாந்தி: எடையிலிருந்து தொடங்குங்கள்

"பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும்" என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். பத்து வயது தாண்டிய பூனை வாராவாரம் கக்கினால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். அடிக்கடி முடி உருண்டை வந்தாலும் அப்படித்தான். குடல் ஒழுங்காக இயங்கினால் விழுங்கிய முடி பெரும்பாலும் மலத்தோடு போய்விடும்.

கக்குவது வாந்திதானா என்று பாருங்கள். வயிறு எக்கி எக்கி, ஓங்கரித்து வந்தால் வாந்தி. தலையைத் தாழ்த்தியதும் தின்றது செரிக்காமல் வழுக்கி விழுந்தால் கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம். ஆஸ்துமா இருமலும் பார்ப்பதற்கு ஓங்கரிப்பு போலவே இருக்கும். ஒரு வீடியோ எடுத்துக் காட்டுங்கள், மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி நின்று, நம் எடையைக் கழித்துப் பார்க்கும் கணக்கில் 100, 200 கிராம் எளிதாகப் பிசகும். 4 கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது 5 சதவீதம். நாம் தேடுவதே அந்த இழப்பைத்தான். கைக்குழந்தைகளுக்கான, 10 கிராம்வரை காட்டும் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். கூடவே தேதி, தின்று எத்தனை மணி நேரம் கழித்து, வந்தது உணவா, நுரையா, மஞ்சள் பித்தமா என்பதையும். விடியற்காலையில் வெறும் பித்தம் மட்டும் வந்தால் படுக்குமுன் சிறிது உணவு வைத்துப் பாருங்கள். தின்ற கையோடு வந்தால் அகலத் தட்டில் பரப்பி, நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இதில் நின்றுவிட்டால் நல்லது. எடை குறைந்துகொண்டே வந்தால் தட்டை மாற்றிப் பயனில்லை.

முதல் சுற்றுச் சோதனையில் முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, டி4 (தைராய்டு ஹார்மோன் அளவு), சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாம் வேண்டும். நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனைக்குத் தைராய்டு மிகையை (அந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதை)த்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். ஆனால் வேறு நோய் கூட இருந்தால் டி4 இறங்கி இயல்பு போலத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். தைராய்டுக்கு மருந்து தொடங்கியபின் அதுவரை மறைந்திருந்த சிறுநீரகக் கோளாறு வெளிப்படுவதும் உண்டு. ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் திரும்பப் பாருங்கள்.

இந்தச் சோதனைகளில் எதுவும் தெரியாவிட்டால் "காரணம் தெரியவில்லை" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வருத்தமான விஷயம், ஏனென்றால் வயதான பூனைகளில் குடல் நோய்தான் பல நேரம் மிஞ்சுகிறது. வைட்டமின் பி12, கணைய அழற்சியைக் காட்டும் லைபேஸ் என்ற நொதியின் அளவு, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றைக் கேளுங்கள். பூனை நன்றாகத் தின்கிறது, எடை நிலையாக இருக்கிறது என்றால் இதுவரை தின்னாத புதிய புரதமோ, ஹைட்ரலைஸ் செய்த (சிறு துணுக்குகளாக உடைத்த) புரதமோ உள்ள உணவை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். குடல் அறிகுறிகள் மாறுமா என்பது இரண்டு மூன்று வாரத்தில் ஓரளவு தெரியும். நடுவில் ஒரு தின்பண்டம் கொடுத்தாலும் சோதனை கெட்டது.

குடல் சுவர் தடித்திருந்தால் அது நாள்பட்ட அழற்சியாகவும் இருக்கலாம், மெதுவாக வளரும் லிம்போமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துச் சொல்வது பயாப்ஸிதான், அதாவது குடல் திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது. அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் வாந்தி அடங்கும், ஆனால் திசு மாறிப்போய் முடிவு குழம்பும். மயக்க மருந்தைத் தாங்காத பூனை என்றால் பயாப்ஸியை விட்டுவிட்டு மருந்தைத் தொடங்குவதும் நியாயமான முடிவே. அந்த முடிவைத் தெரிந்தே எடுக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த லிம்போமாவுக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் குளோராம்புசில் என்ற புற்றுநோய் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன.

ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லை, ஒரே நாளில் பலமுறை வாந்தி, ரத்தம், சோர்ந்து ஒளிந்துகொள்வது: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகக் குண்டான பூனைக்கு, சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு படியும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் அறுபடும். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.