கேள்வி கேட்கும் முன்பே நின்றுபோன நிரல்

நான் எழுதிய சிறு நிரல் ஒன்று, என் கணினியில் குறையின்றி ஓடியும், பழைய உலாவி ஒன்றில் திறந்தபோது வெற்றுப் பக்கத்தையே காட்டியது. இத்தனைக்கும், எழுத்துகளுக்கிடையே ஒரு வடிவத்தைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், தேடுவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்றும் பார்க்கும் லுக்பிஹைண்ட் வசதி இருந்தால் அதையும், இல்லையேல் பழைய முறையையும் பயன்படுத்துமாறு இஃப் கூற்று ஒன்றை முன்னெச்சரிக்கையாக எழுதியிருந்தேன். அந்தக் கூற்று ஒருமுறைகூட இயங்கவில்லை என்பது புரிய அரை நாள் ஆயிற்று.

உலாவிக்குள் நிரலை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் ஒரு ஸ்கிரிப்டின் முதல் வரியை இயக்குவதற்கு முன்பே அதை முழுவதுமாகப் பார்ஸ் செய்து, அதாவது இலக்கணம் சரியா என்று படித்து, பார்க்கிறது. சாய்கோடுகளுக்கு நடுவே நேரடியாக எழுதிய வடிவம் அதற்குப் புரியாவிட்டால், அது எந்தக் கிளைக்குள் இருந்தாலும், சின்டாக்ஸ் எரர் என்ற இலக்கணப் பிழை எழுந்து அந்த ஸ்கிரிப்ட் முழுவதும் கைவிடப்படும். பிழையைப் பிடித்துச் சமாளிப்பதற்கென அதே ஸ்கிரிப்டில் உள்ள ட்ரை, கேட்ச் கூட உதவாது. லுக்பிஹைண்ட் 2018ஆம் ஆண்டின் தரத்திலேயே இடம்பெற்றுவிட்டது என்றாலும், பரவலாகப் புழங்கும் உலாவி ஒன்றுக்கு அது 2023இல்தான் வந்து சேர்ந்தது.

பின்னர் வரவிருக்கும் விடைக்காகக் காத்திருக்க உதவும் ப்ராமிஸ் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றுக்குப் பெயர் உண்டு. ஒன்றின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் கொண்டு கேட்டால், அறிவிக்கப்படாத பெயராக இருந்தாலும் பிழை எழாமல் ‘அன்டிஃபைன்ட்’ என்ற விடை கிடைக்கும். வெறும் குறிகளால் எழுதப்படும் தொடரியல்களான, 2015இல் வந்த ஆரோ ஃபங்ஷனுக்கும் 2020இல் வந்த ஆப்ஷனல் செயினிங்குக்கும் அப்படிக் கேட்பதற்குப் பெயரே இல்லை. ஆகவே அந்தத் தொடரியலை ஒரு சரமாக்கி (வெறும் எழுத்துத் தொடராக்கி), சரத்தை நிரலாக மாற்றும் ஃபங்ஷன் கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்து, பிழை எழுகிறதா என்று பார்ப்பதே வழக்கம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: இணையதளத்தின் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை சரத்தை நிரலாக்குவதைத் தடுத்திருந்தால், வசதியுள்ள உலாவியிலும் பிழை எழும். எழுந்தது சின்டாக்ஸ் எரர்தானா என்று பார்க்காத சோதனை அங்கே தவறான விடையைத்தான் தரும்.

உலாவியின் பெயரையும் பதிப்பையும் படித்து முடிவெடுக்கலாமே என்பவர்கள் ஓபராவை நினைத்துக்கொள்ளலாம். 2009இல் அதன் 10ஆம் பதிப்பு வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை 1 என்று கொண்டுவிடும் என்பதால், அது தன்னை 9.80 என்றே அறிவித்துக்கொள்ள நேர்ந்தது.

லுக்பிஹைண்டைப் பொறுத்தவரை, சரத்திலிருந்து ரெகுலர் எக்ஸ்பிரஷனை உருவாக்கும் ரெஜ்எக்ஸ்ப் கன்ஸ்ட்ரக்டரை அந்தப் பாதுகாப்புக் கொள்கை தடுப்பதில்லை என்பது என் நல்வாய்ப்பு. வடிவத்தைச் சரமாக்கி அதற்குள் கொடுத்தேன். பழைய உலாவியில் பிழை கேட்சில் சிக்க, பக்கம் திறந்தது. ஆனால் புதிய உலாவிகளில் தேடல் எதையுமே கண்டுபிடிக்கவில்லை. சரத்துக்குள் ஒற்றைப் பின்சாய்கோடு மறைந்துவிடும்; அதை இரட்டிக்க மறந்திருந்ததால், இலக்கத்தைக் குறிக்க வேண்டிய குறி வெறும் ‘டி’ எழுத்தாகச் சுருங்கியிருந்தது. சோதனைக்கென வைத்திருந்த குட்டி வடிவத்தில் பின்சாய்கோடே இல்லாததால், அது மட்டும் ஒவ்வொரு முறையும் ‘வசதி உண்டு’ என்று சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.