சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் தைராய்டு

எப்போதும் களைப்பு, மறதி, எதிலும் பிடிப்பில்லை என்று இருக்கும் பெண்ணை வீட்டில் சோம்பேறி என்று திட்டுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதற்குக் காரணம் தைராய்டாகவும் இருக்கலாம். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனைச் சுரந்து கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து வரும் ஹார்மோன் திரும்ப மூளைக்கே போய்ச் சேர்கிறது. அந்தத் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் யோசனை மந்தமாகும், மனமும் சோரும். 1949-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், கடுமையான மனநோய் அறிகுறிகளோடு வந்த 14 தைராய்டு குறைபாட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் பெரும்பாலோர் தெளிந்தார்கள். எல்லாச் சோர்வுக்கும் தைராய்டு காரணமில்லை, சரி. ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமே, அதுவும் பிரசவத்துக்கு அப்புறமான மாதங்களில் தைராய்டு கோளாறு வருவது அபூர்வமே இல்லை.