என் பிழைகள் எங்கே போயின?

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தேடல் பெட்டி என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. தமிழ்ச் சொற்களைத் தேடித்தரும் சிறு செயலி ஒன்றை அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். 'கொடி' என்று தட்டினால் சில பதிவுகள் கிடைத்தன, சில கிடைக்கவில்லை. கிடைக்காத பதிவைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அதே 'கொடி'தான் இருந்தது. எழுத்துருவைச் சந்தேகித்தேன், தரவுத்தளத்தைச் சந்தேகித்தேன், கடைசியில் என் கண்களையே சந்தேகித்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு சொற்களையும் யூனிகோட் குறியெண்களாக, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களாகப் பிரித்து அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஒன்றில் ககரத்தை அடுத்து 'ொ' என்பது ஒரே குறியெண்ணாக இருந்தது, மற்றொன்றில் அதுவே ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியெண்களாக இருந்தது. திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கோ ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5. நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கேட்பதற்கு அந்த நேரத்தில் விழித்திருந்தவர் யாருமில்லை.

சென்ற மாதம், வெறும் ஆர்வத்தால், அதே சிக்கலை ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் விவரித்தேன். நான் காப்பியை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: ஒப்பிடுவதற்கு முன் இரண்டு எழுத்துச் சரங்களையும் யூனிகோட் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியெண் வடிவங்களை ஒன்றாக்குதல்) செய்யவும், இதோ அதற்கான ஒரு வரி. பதில் முற்றிலும் சரியானது, விளக்கமும் தெளிவாக இருந்தது. எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நான் எழுந்து நடக்கவுமில்லை.

நிரலாக்கத்தின் மகிழ்ச்சியை இந்தக் கருவிகள் பறித்துவிட்டனவா என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் இரண்டு ஆயத்தப் பதில்கள் கிடைக்கின்றன. மகிழ்ச்சி என்பது படைத்து முடித்த பொருளில் இருக்கிறது, ஆகவே விரைவாக முடித்தால் மகிழ்ச்சி கூடத்தானே செய்யும் என்பது ஒன்று. மகிழ்ச்சி ஒவ்வொரு வரியையும் கையால் செதுக்குவதில் இருக்கிறது, ஆகவே அது செத்துவிட்டது என்பது மற்றொன்று. என் அனுபவம் இரண்டிலும் அடங்கவில்லை. கையால் செதுக்கிய வரிகளில் பெரும்பகுதி எனக்குச் சலிப்பையே தந்திருக்கிறது. நிரலைக் கட்டியெழுப்பும் விதத்தைக் கணினிக்குச் சொல்லும் பில்டு அமைப்புக் கோப்புகளை எழுதும் வேலையையும், ஒரு தரவு வடிவத்தை மற்றொன்றாக மாற்றும் வேலையையும் கருவியிடம் ஒப்படைத்த நாளில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. எழுத்துக் கோலங்களைத் தேடும் புதிர்க் குறியீடுகளான ரெகுலர் எக்ஸ்பிரஷன்களை ஒப்படைத்த நாளை ஒரு விழாவாகவே கொண்டாடியிருப்பேன். நான் இழந்ததாக உணர்வது வேறொன்றை: என் சொந்தப் பிழைகளை.

மாரிஸ் வில்க்ஸ், கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை உருவாக்கியவர், 1949-ஆம் ஆண்டு நடந்த ஒன்றைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கணினி இருந்த அறைக்கும் நிரலைத் தாள்நாடாவில் துளையிடும் கருவிகள் இருந்த இடத்துக்கும் இடையில் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தன் சொந்த நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உண்மை அவருக்கு உறைத்ததாம். இதை இதுநாள்வரை ஒரு புலம்பலாகவே நான் வாசித்து வந்தேன். இப்போது அந்தச் 'சொந்த' என்ற சொல்லில்தான் என் பார்வை நிற்கிறது. சொந்தப் பிழை என்பது, நான் உலகைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததற்கும் உலகம் உண்மையில் இருப்பதற்கும் இடையே விழுந்த கீறல். அதைக் கண்டுபிடிக்கும்போது திருந்துவது நிரல் மட்டுமல்ல, என் தலைக்குள் இருந்த படமும் திருந்துகிறது. அந்தத் தருணத்தில் வருவதைத்தான் நான் மகிழ்ச்சி என்று அழைத்து வந்திருக்கிறேன் என்பது, அது அரிதாகிப்போன பிறகே எனக்குத் தெரிந்தது.

சென்ற ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி இதை எனக்கு உணர்த்தியது. அறிவிப்புகளை அனுப்பும் ஒரு சேவையில், எதிர்முனையிலிருந்து மறுமொழி வரத் தாமதமானால் மீண்டும் முயலும் வசதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. கருவியிடம் சொன்னேன், அது எழுதியது. நிரல் ஒழுங்காக இருந்தது, மாறிகளுக்கு நல்ல பெயர்கள் இருந்தன, முயற்சிகளுக்கு இடையிலான இடைவெளி படிப்படியாகக் கூடியது, சோதனைகளையும் கருவியே எழுதிவைத்திருந்தது, அவை அனைத்தும் தேறின. இருபது நிமிடம் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் அளித்தேன். சில நாட்களில் ஒரே அறிவிப்பு ஒருவருக்கே இரண்டு மூன்று முறை போகத் தொடங்கியது. எதிர்முனை வேலையைச் செய்து முடித்துவிட்டு, மறுமொழியை மட்டும் தாமதமாக அனுப்பியிருக்கிறது. நாங்கள் அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். சோதனைக்காக உருவாக்கிய போலிச் சர்வர் ஒன்று உடனே வெற்றி பெறும், அல்லது முழுமையாகத் தோற்கும். 'வெற்றி பெற்றும் தாமதமாகச் சொல்லும்' மூன்றாவது நிலை அதற்குத் தெரியாது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் எதிர்முனை புறக்கணிக்கும்படி செய்திருந்தால் சிக்கலே இல்லை. இது எனக்குத் தெரியாததும் அல்ல.

காரணத்தை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் மனத்தில் ஒன்றுமே நிகழவில்லை, கொஞ்சம் வெட்கத்தைத் தவிர. அது நான் செய்த பிழை அன்று, நான் கையொப்பமிட்ட பிழை. நானே எழுதியிருந்தால், அந்த 'மீண்டும் முயல்க' என்ற வரியைத் தட்டும்போது விரல் ஒரு நொடி தயங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். தயங்காமலும் போயிருக்கலாம், அப்படிப் போயிருந்தால் அந்தத் தவறான எண்ணமாவது என்னுடையதாக இருந்திருக்கும், அதைத் திருத்தியபோது எனக்குள் ஏதாவது திருந்தியிருக்கும்.

நாம் எழுதும் நிரலைக் கணினியின் இயந்திர நிரலாக மாற்றும் கம்பைலர் வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள் என்று நண்பர் ஒருவர் எனக்கு நினைவூட்டினார். உண்மைதான். 1957-இல் ஜான் பாக்கஸ் தலைமையிலான குழு ஐபிஎம் 704 கணினிக்கு ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை அதன் கம்பைலருடன் வெளியிட்டபோது, கையால் எழுதும் இயந்திர நிரலின் திறனை ஒரு தானியங்கி எட்டுமா என்ற ஐயம் பரவலாக இருந்தது. கணினிச் செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களான ரெஜிஸ்டர்களைச் சிக்கனமாகக் கையாளும் கலையில் இன்பம் கண்டவர்களுக்கு அது ஓர் இழப்பாகவும் இருந்திருக்கும். ஆனாலும் ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது. கம்பைலர் பிறப்பித்த இயந்திர நிரலை, இத்தனை ஆண்டுகளில், நான் விரல்விட்டு எண்ணக்கூடிய முறைகளே திறந்து பார்த்திருக்கிறேன். அதே அமைப்பில் அதே மூலத்தைக் கொடுத்தால் அது அதே பொருளுள்ள நிரலைத் தரும். அதை நம்பிவிட்டு நான் என் தளத்தில் நின்று சிந்திக்கலாம். இந்தக் கருவிகளுக்குள் இயங்கும் மொழி மாதிரியிடம் அப்படி ஒரு உடன்படிக்கை இல்லை. இன்று சொன்ன அதே சொற்களுக்கு நாளை வேறு நிரல் வரலாம், ஆகவே வந்ததை எல்லாம் நான் படித்தாக வேண்டும். எழுதுகிறவனை ஒரு படி மேலே ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். விடைத்தாள் திருத்தும் மேசைக்கு நகர்த்திவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மேசையின் இயல்பை லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-இலேயே எழுதிவிட்டார். அவர் பேசியது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளையும் விமான ஓட்டத்தையும் பற்றி. எளிதான வேலையைத் தானியங்கியிடம் கொடுத்துவிட்டு, அதைக் கண்காணிக்கும் வேலையையும் அது கைவிடும் நேரத்தில் பொறுப்பேற்கும் வேலையையும் மனிதரிடம் விடுகிறோம். கண்காணிப்பதோ மனிதருக்கு நன்றாக வராத வேலை, பொறுப்பேற்கத் தேவையான திறனோ பயன்படுத்தாமல் விட்டதால் மங்கிப்போயிருக்கும் என்பது அவருடைய வாதம். என் இருபது நிமிட ஒப்புதலை இதைவிட நன்றாக யாரும் விவரித்ததில்லை.

வேகத்துக்காக மகிழ்ச்சியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்ட காலமும் உண்டு. அதற்கும் ஓர் ஆய்வு குறுக்கே வந்தது. மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட முடிவு அது. திறமூலத் திட்டங்களில் நீண்ட அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், தங்களுக்கு நன்கு பழகிய நிரல்தொகுதிகளில் 246 பணிகளைச் செய்தார்கள். கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அதைவிட என்னை நிறுத்திவைத்தது அடுத்த எண்: எல்லாம் முடிந்த பிறகும், கருவி தங்கள் நேரத்தில் 20 விழுக்காட்டைக் குறைத்ததாக அவர்கள் நம்பினார்கள். பங்கேற்றவர்கள் மிகச் சிலர், கருவிகளும் அதற்குப் பிறகு மாறிவிட்டன. இதை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. என்றாலும், விரைவாகப் போவதாக உணர்வதும் விரைவாகப் போவதும் இரண்டு என்பதை அது காட்டிவிட்டது. திரையில் வரிகள் பொழியும்போது வருவதும் ஒருவகை இன்பம்தான் என்பதை நான் மறுக்கவில்லை. வேடிக்கை பார்ப்பவருக்குக் கிடைக்கும் இன்பம் அது.

இதைச் சொல்லும்போதே, எனக்கு எதிரான ஒரு சாட்சியையும் சொல்லியாக வேண்டும். என்னுடன் பணிபுரியும் வடிவமைப்பாளர் ஒருவர் வாழ்நாளில் நிரல் எழுதியதில்லை. தன் வண்ணத் தட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு கருவியை, இயந்திரத்துடன் பேசிப் பேசியே, ஒரு மாலையில் உருவாக்கிவிட்டு, மறுநாள் காலை அதைக் காட்டுவதற்காகவே என் இருக்கைக்கு வந்தார். அவர் முகத்தில் இருந்தது, அன்றிரவு அறைக்குள் நடந்த என் முகத்தில் இருந்ததேதான். இப்படி இயந்திரத்திடம் பேசியே நிரல் உருவாக்குவதற்குச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்திரே கார்ப்பதி 2025-இல் வைப் கோடிங் என்று பெயரிட்டாரே, அதை இழிவாகப் பேசும் நிரலாளர்கள் இந்த முகங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வடிவமைப்பாளருக்குத் திறந்த கதவு எனக்கு மூடியதாகத் தோன்றினால், அதைக் கருவியின் குற்றமாக மட்டும் என்னால் கொள்ள முடியவில்லை. அவர் எதையோ முதன்முறையாகச் செய்தார்; நான் எப்போதும் செய்ததை இப்போது செய்யாமல் இருக்கிறேன்.

முன்பு சொன்ன தேடல் பெட்டிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்த மூன்று நாட்களில் நான் கண்டது ஒன்றை மட்டுமல்ல. குறியெண்களைத் துருவிக்கொண்டிருந்தபோது, 'ஔவை' என்பதைப் பலர் ஒகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு 'ஒளவை' என்று தட்டியிருப்பதும் கண்ணில் பட்டது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றேபோல் இருக்கும். நார்மலைசேஷன் இதைத் தீர்க்காது; யூனிகோடைப் பொறுத்தவரை அவை வெவ்வேறு எழுத்துகள். சரி, ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று எழுதினேன். 'ஒளி' உடைந்தது, அதோடு பல சொற்கள் உடைந்தன. ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று சேர்த்த பிறகே ஓரளவு அடங்கியது. சென்ற மாதம் கருவி தந்த ஒரு வரிப் பதிலில் இது இல்லை. தனியே கேட்டபோது, இதையும் அழகாக விளக்கியது. கேட்பதற்கு, அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது, வழி தவறி அலைந்த அந்த மூன்று நாட்களால்.

கணினி அறிவியலாளர் பீட்டர் நவுர் 1985-இல் எழுதிய கட்டுரையில், நிரலாக்கத்தின் உண்மையான விளைபொருள் நிரல்வரிகள் அல்ல, அவற்றை எழுதியவர்களின் மனத்தில் உருவாகும் புரிதலே என்று வாதிட்டார். அவர் அதைப் பராமரிப்புச் செலவைப் பற்றிய வாதமாகவே முன்வைத்தார். மகிழ்ச்சி அவருடைய பேசுபொருள் அன்று. ஆனால் அந்தப் புரிதல் மனத்தில் திரளும் ஓசையைத்தான் நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன் போலும். கருவியைப் பயன்படுத்துகிற எல்லா நேரமும் அது நின்றுவிடுவதில்லை. என்ன நடக்கிறது என்ற ஊகத்தை முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகே கருவியைக் கேட்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஊகம் பொய்த்தால் அந்தப் பொய்யாவது என்னுடையது. அலுவலக அவசரத்தில் இந்த விதியை வாரத்துக்கு மூன்று முறையாவது மீறுகிறேன்.

மீற முடியாதபடி ஒரு வேலையையும் தனியே வைத்திருக்கிறேன்: தமிழ்ச் சொற்களை அகராதி வரிசையில் அடுக்கும் சிறு நிரல். ஆயத்த நூலகங்கள் இதை நன்றாகவே செய்கின்றன என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். குறியெண் வரிசைப்படி அடுக்கினால் னகரம் நகரத்தை ஒட்டி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் வரிசையிலோ அது கடைசி. அதற்கென ஓர் அட்டவணை எழுதினேன், ஓடியது, பட்டியல் அழகாக வந்தது. சென்ற வாரம் பார்த்தால் 'அக்கம்' என்ற சொல் 'அகம்' என்பதற்குப் பின்னால் நிற்கிறது. மெய்யெழுத்து முன்னால் வர வேண்டும். அட்டவணையில் ககரம் முதலான எழுத்துகளுக்குப் பின் வரும் குறிகளில் புள்ளி முதலிடத்தில்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் அட்டவணையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், நான் எழுத்துகளை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு குறியெண்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது: 'க' என்ற உயிர்மெய்யில் அகரத்துக்கு என்று ஒரு குறியெண் இல்லை, ஆகவே புள்ளியை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் என் நிரல் அடுத்த மகரத்தோடு ஒப்பிட்டிருக்கிறது. அதே குழியில் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி விழுந்திருக்கிறேன். மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் கமிட் செய்தியில் 'முழுக்க முழுக்க என் தவறு' என்று எழுதிவிட்டு, எழுந்து நடந்தேன்.