அத்தைக்கு ஒரு மூலை இல்லாத போர்வை

என் மாமியாருக்கு, நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். மதுரை வெயிலில் ஆட்டோவில் வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்குவார். மிஷினில் போட்ட அரை மணியில் பல் தந்தியடிக்கும். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றி வருவதால் ஒரு குளிர், தலைக்கு மேல் ஏசி வேறு. வீட்டிலிருந்து சோலாப்பூர் போர்வை கொண்டுபோனோம். கனம். ஒருநாள் பீட்டாடைன் பட்டு அலசிப் போட்டால் காய ஒன்றரை நாள் ஆயிற்று.

குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், ஒரு போர்வை போடலாம் என்று தோன்றியது அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் சொல்லிக் கொடுத்தது. அதன்பின் டிவிக்கு ஒரு உறை, வாசலுக்கு ஒரு தோரணம், அவ்வளவோடு ஊசி டப்பாவுக்குள் போய்விட்டது.

கலருக்கு யோசிக்கவே இல்லை. அத்தையின் பீரோவில் பாதிக்குமேல் சுங்குடிச் சேலை. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம், கத்தரிப்பூ. எல்லாவற்றிலும் அந்த வெள்ளைப் புள்ளி. அதையே எடுத்துக்கொண்டேன்: சின்னச் சின்னச் சதுரக் கட்டமாகப் பின்னிக் கடைசியில் இணைப்பது, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் வெள்ளை, பிறகு ஏதாவது ஒரு சேலைக் கலர், கடைசிச் சுற்று மட்டும் எல்லாவற்றுக்கும் அரக்கு. கறை பட்டாலும் ஓரத்தில் தெரியாது என்ற கணக்கும் உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஃபேன்ஸி கடையில் அக்ரிலிக் உல்லன் நூல் வாங்கினேன். நிஜக் கம்பளியை வாஷிங் மிஷினில் போட்டால் சுருங்கிக் கட்டிதட்டிவிடும். காட்டன் என்றால் தண்ணீர் குடித்துக் கனக்கும். இதற்கு அக்ரிலிக்தான் சரி. ஊசி 4 மில்லிமீட்டர்.

முதல் கட்டம் சொதப்பல். யூடியூபில் ஒரு அமெரிக்கப் பெண் 'டபுள் குரோஷே' என்று சொல்லச் சொல்ல, படத்தைப் பார்க்காமல் காதில் கேட்டே போட்டுக்கொண்டு போனேன். அஞ்சு சுற்று முடித்துப் பார்த்தால் காப்பி டம்ளர் வைக்கிற அளவுக்குத்தான் வந்திருக்கிறது, அட்டை மாதிரி விறைப்பாக. விஷயம் என்னவென்றால், எங்கள் டீச்சர் சொல்லித் தந்தது பிரிட்டிஷ் கணக்கு. அதில் டபுள் குரோஷே என்றால் குட்டைப் பின்னல். அமெரிக்கர்கள் அதை சிங்கிள் என்பார்கள். அதைவிட உயரமான நம்முடைய டிரெபிள்தான் அவர்களுக்கு டபுள். பெயர் ஒன்று, பின்னல் வேறு. வீடியோ பார்த்துப் போடுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கட்டத்தின்மேல் இப்போது உண்மையாகவே டம்ளர்தான் இருக்கிறது.

கிரானி ஸ்கொயர் என்கிற வழக்கமான குரோஷா கட்டத்தில் மூன்று மூன்று டிரெபிளாகப் போட்டு நடுவில் ஓட்டை விடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் அத்தையின் வளையலும் விரலும் மாட்டும், குழாயின் கிளிப் மாட்டினால் அதைவிட வம்பு. அதனால் ஓட்டை விடாமல் நெருக்கமாகப் போட்டேன். முதல் சுற்றில் பக்கத்துக்கு 3 கண்ணி, மூலைக்கு இரண்டு சங்கிலி. அடுத்தடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு டிரெபிள், இரண்டு சங்கிலி, இரண்டு டிரெபிள். பக்கத்துக்கு நாலு நாலாக ஏறும்: 3, 7, 11, 15, 19. எண்ணிக்கை தப்பினால் எங்கே தப்பியது என்று உடனே பிடித்துவிடலாம். அஞ்சாம் சுற்றில் ஏறக்குறைய அஞ்சு அங்குலம் வந்தது.

ஏழுக்குப் பத்து, எழுபது கட்டம் என்று நினைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு போட்டதும் கொண்டுபோய் டயாலிசிஸ் டெக்னீஷியன் தம்பியிடம் காட்டினேன். "நல்லா இருக்குக்கா, ஆனா ஃபிஸ்டுலா கைய மூடக்கூடாது" என்றார். ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம். ஊசி நழுவி ரத்தம் கசிந்தால் போர்வைக்குள்ளேயே போய்விடுமாம், யாருக்கும் தெரியாதாம். அத்தைக்கு ஃபிஸ்டுலா இடது கையில். போர்வையை இடுப்போடு நிறுத்தினால் தோள் குளிரும். கழுத்துவரை இழுத்தால் கை மூடிக்கொள்ளும். ரெண்டு நாள் மண்டையைக் குடைந்துவிட்டு, மேல் மூலையில் அகலத்தில் இரண்டு, நீளத்தில் நாலு, எட்டுக் கட்டத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கை அந்த இடைவெளியில் வெளியே கிடக்கும். 62 கட்டம் போதும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கட்டம் ஒன்றுக்கு முக்கால் மணி. காய் நறுக்கியதும், சீரியலுக்கு நடுவில், ஆஸ்பத்திரி வராண்டாவில். நாற்பதைத் தாண்டியதும் சலித்துவிட்டது. 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வை பின்னிக் கின்னஸ் வாங்கியதை நினைத்துக்கொள்வேன். நான் ஒரு சதுர மீட்டருக்கே மூக்கால் அழுகிறேன்.

மூலை சுருண்ட கட்டம் ஒன்றை அயர்ன் பண்ணப் போய் இன்னொரு கூத்து. அக்ரிலிக் சூடு தாங்காது என்று தெரியும். "லேசாகத்தானே" என்று வைத்தேன். எடுத்தபோது பளபளவென்று, வாழைப்பழத் தோல் மாதிரித் துவண்டு கிடந்தது. அது திரும்ப நிமிரவே நிமிராது. மற்றதையெல்லாம் தண்ணீர் தெளித்து தெர்மாகோல் அட்டையில் குண்டூசி குத்தி ராத்திரி முழுக்க விட்டேன்.

பின்னுவதைவிட நூல் நுனியைப் பின்னலுக்குள் செருகி மறைப்பதுதான் தண்டனை. கட்டத்துக்கு மூன்று கலர், ஆறு நுனி. மொத்தம் 372. வழவழப்பான நூல், ஒரே திசையில் செருகினால் இரண்டு துவைப்பில் வெளியே எட்டிப் பார்க்கும். இப்படி, அப்படி, மறுபடி இப்படி என்று மூன்று தரம் இழுத்தேன். கட்டங்களை இணைப்பதற்கும் குரோஷா ஊசி வேண்டாம் என்று விட்டேன். அதில் வரப்பு மாதிரி மேடு கட்டும். அத்தையின் தோல் இப்போது வெங்காயச் சருகு. தையல் ஊசியால் தட்டையாக ஒட்டித் தைத்தேன்.

எல்லாம் தைத்து முடித்து மகனைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்தினேன். அவன் வலது கை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது! தரையில் பரப்பி, என் இடது பக்கம் பார்த்து மூலையை விட்டிருக்கிறேன். மல்லாந்து படுப்பவருக்கு அது வலது பக்கம். திருப்பிப் போட்டால் ஆச்சுதான். ஆனால் நுனி செருகிய பக்கம் மேலே வரும், மனசு கேட்கவில்லை. எட்டுக் கட்டத்தைப் பிரித்து மறுபக்கம் வைத்துத் தைக்க இரண்டு ராத்திரி.

எடை போட்டுப் பார்த்தேன், 740 கிராம். அத்தை விரித்துப் பார்த்தார், சேலைக் கலர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார், மேல் மூலையில் நின்றார்.

"என்னத்தா, இந்த இடத்துக்கு நூல் பத்தலையா?"

இதுவரை ஆறு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. நாலு துவைப்பு. வெள்ளைப் புள்ளி ஒன்றில் மட்டும் பீட்டாடைன் கறை போகவில்லை. பக்கத்துக் கட்டில் அக்கா தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஃபிஸ்டுலா வலது கையில். ஒன்பது கட்டம் முடிந்திருக்கிறது. இந்தத் தடவை தரையில் பரப்பும்போது என் இடது பக்கமே விட வேண்டும்.