தமிழில் நடக்கும் ஆன்லைன் வகுப்புக்கு ஸ்கீமா போட்ட அனுபவம்

மார்த்தாண்டத்தில் என் சித்தப்பா தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுக்கிறார். முன்பெல்லாம் நேரில் வருபவர்களுக்கு மட்டும்தான். கொரோனாவுக்குப் பிறகு பாடங்களை வீடியோவாக எடுத்து, சொந்தமாக ஓர் இணையதளம் போட்டு, ஆன்லைனிலும் நடத்துகிறோம். முதலில் தமிழில் ஒரு படிப்பு. அப்புறம் கேரளத்திலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் கேட்டதால் அதையே ஆங்கிலத்திலும் ஒன்று. பாடம் அவருடையது, இணையதள வேலை என்னுடையது. அந்தத் தளத்துக்குக் கூகுள் தேடலில் கூடுதல் விவரங்கள் வரவைக்க நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். தமிழில் வகுப்பு நடத்தும் மற்றவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

ஒரு படிப்பைத் தேடும்போது சில தளங்களுக்குக் கீழே கட்டணம், கால அளவு, ஆன்லைனா நேரடியா என்ற விவரங்கள் தனியாகத் தெரிந்ததைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதிவைக்கும் ஒரு குறிப்பிலிருந்து வந்தவை அவை. தேன் பாட்டிலில் ஒட்டும் லேபிள் மாதிரி அந்தக் குறிப்பு: உள்ளே என்ன, எவ்வளவு, யார் தயாரிப்பு என்று தேடுபொறிக்குச் சொல்கிறது. அதற்கான பொதுச் சொற்பட்டியல்தான் ஸ்கீமா டாட் ஆர்க். கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011 ஜூனில் தொடங்கியது. ஜேசன்-எல்டி என்ற வடிவத்தில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினால் போதும்.

படிப்புகளுக்குக் கூகுளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று கோர்ஸ் லிஸ்ட்: ஒரே தளத்தின் படிப்புகளை வரிசையாகக் காட்டுவது. இன்னொன்று கோர்ஸ் இன்ஃபோ: ஒரு படிப்பின் விவரங்களைக் காட்டுவது. எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது. பெயர், விளக்கம், நடத்துபவர், கட்டண வகை, வகுப்பு முறை, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கு ஆகியவை அதற்குக் கட்டாயமாக இருந்தன.

எழுத உட்கார்ந்தபோது குறியீடு எளிதாக இருந்தது. அதற்கான பதில்களைச் சேர்ப்பதில்தான் நாள் போனது. வகுப்பு முறைக்கு ஆன்லைன், நேரடி, கலப்பு என்று மூன்று விடைகள். எங்கள் பாடங்கள் வீடியோதான். ஆனால் தை, மாசியில் ரப்பர் மரம் தளிர்விட்டு இலைக்காம்பில் தேன் சுரக்கும் நாட்களில் மாணவர்களை மார்த்தாண்டத்துக்கு வரச்சொல்லி தேனீப் பெட்டியைத் திறந்து காட்டுவோம். அப்படியென்றால் இது ஆன்லைனா, கலப்பா? கால அளவிலும் அதே சிக்கல். வீடியோக்களின் நீளத்தைக் கூட்டிப் போட்டுவிடலாம் என்றேன். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டியத் தொறந்து பாக்காம படிச்சா அது என்ன படிப்பு மக்கா? வாரத்துல ஒருக்கா பெட்டி பாக்குற நேரத்தையும் சேத்துல்லா சொல்லணும்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அந்த இடத்தில் எழுத வேண்டியது மாணவர் செலவிட வேண்டிய நேரம். வீடியோவின் நீளம் அதில் ஒரு பகுதி. இருபத்திரண்டு மணி நேரம் என்றால் பிடி22எச் என்று எழுதுவார்கள். வாராவாரம் நடப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரம், எத்தனை முறை என்று அட்டவணையாகவும் தரலாம். நாங்கள் அட்டவணையைத் தேர்ந்தெடுத்தோம். தமிழ்ப் படிப்பைக் கலப்பு என்றும், நேரில் வர முடியாதவர்கள் சேரும் ஆங்கிலப் படிப்பை ஆன்லைன் என்றும் போட்டோம். இதையெல்லாம் குறிப்பில் எழுதும் முன் பக்கத்திலேயே தெரியும்படி எழுத வேண்டியிருந்தது. பக்கத்தைப் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத எதையும் குறிப்பில் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் "விரிவான பயிற்சி" என்று மொட்டையாக இருந்த பக்கத்தில் முதல் முறையாகக் கட்டணம், வாரங்கள், நேரில் வரவேண்டிய நாட்கள் எல்லாம் தெளிவாக வந்தன.

படிப்பின் பெயரோடு "பாதி விலை", "இன்றே சேருங்கள்" என்று எழுதக் கூடாது. கட்டணம் இருந்தால் தொகையையும் ரூபாய்க்கான நாணயக் குறியீட்டையும் அதற்குரிய இடத்தில் தர வேண்டும். மதிப்பெண் நட்சத்திரங்களை நாங்கள் தொடவே இல்லை. வாட்ஸ்அப்பில் பாராட்டு நிறைய வருகிறது என்பதற்காக நாமே ஐந்துக்கு இவ்வளவு என்று எழுதிவிட முடியாது.

கோர்ஸ் லிஸ்ட்டுக்குக் குறைந்தது மூன்று படிப்புகள் வேண்டும். அப்போது எங்களிடம் மூன்று இல்லை. தேன் பிழிவதைக் காட்டும் தனி வீடியோ ஒன்றை மூன்றாவது படிப்பாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. கூடாது. கூகுள் விளக்கத்தில் படிப்பு என்றால் பாடங்கள் அடங்கிய ஒரு தொடர். ஆசிரியர் இருக்க வேண்டும், சேர்ந்து படிக்கும் மாணவர்கள் இருக்க வேண்டும், முடிவில் குறிப்பிட்ட அறிவோ திறமையோ கிடைக்க வேண்டும். சாண்ட்விச் செய்வது எப்படி என்ற இரண்டு நிமிட வீடியோ படிப்பு ஆகாது என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ராணித்தேனீ வளர்ப்பு தனிப் படிப்பாக உருவாகும்வரை கோர்ஸ் லிஸ்ட்டைத் தள்ளிவைத்தோம்.

அப்புறம் சோதனை. ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் என்ற கருவியில் பக்க முகவரியைக் கொடுத்தால் சரியா தவறா என்று சொல்லிவிடும். ஒரு சின்ன எச்சரிக்கை: குறியீட்டை வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டு எடுத்தால் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடலாம். மாறினால் குறிப்பு முழுவதுமே படிக்க முடியாததாகிவிடும். சாதாரண நோட்பேடில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகளால் எந்தத் தொல்லையும் இல்லை. கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் இருந்தால் போதும்.

இரண்டு பக்கங்களுக்கும் பச்சை டிக் வந்தது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், இரண்டையும் இண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்க, கேட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

சில வாரங்களில் ஆங்கிலப் பக்கத்துக்குக் கீழே விவரங்கள் தெரிய ஆரம்பித்தன. தமிழ்ப் பக்கத்துக்கு இல்லை. ஊர்தான் காரணமோ என்று குவைத்தில் இருக்கும் அண்ணனைத் தேடச் சொன்னேன். அங்கேயும் அதே கதை: ஆங்கிலத்துக்கு உண்டு, தமிழுக்கு இல்லை. தேடல் முகவரியில் ஜிஎல், எச்எல் என்ற இரண்டு குறிகளை மாற்றி நாட்டையும் மொழியையும் வேறுவேறாக வைத்துப் பார்த்தேன். மாற்றம் இல்லை. "ரெண்டுக்கும் சரின்னுல்லா காட்டுது, பின்ன தமிழுக்கு ஏன் வரேல?" என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் எங்கள் தளத்தைத்தான் சந்தேகித்தேன். ஒரு பக்கத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனை சர்ச் கன்சோலில் போட்டதும் ஒன்று கிடைத்தது. தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவர், தமிழ்ப் பக்கத்தின் கெனானிக்கல் முகவரியாக ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்திருந்தார். அதாவது, "இது அதன் நகல், அதையே எடுத்துக்கொள்" என்று தமிழ்ப் பக்கமே தேடுபொறியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் முகவரியைக் கொடுத்து, ஒன்று மற்றதன் மொழி வடிவம் என்று எச்ரெஃப்லாங் குறியை இரண்டு பக்கமும் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் அது செல்லாது. இரண்டு மொழியில் தளம் வைத்திருப்பவர்கள் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இதைச் சரிசெய்த பிறகு தமிழ்ப் பக்கம் தேடலில் முன்பைவிட ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஆனாலும் கட்டண, கால விவரங்கள் மட்டும் வரவில்லை.

விடை கூகுளின் ஆவணத்திலேயே இருந்தது. ஒவ்வொரு வசதிக்கும் அது எங்கெங்கே, எந்தெந்த மொழியில் கிடைக்கும் என்று ஒரு சிறு பகுதி உண்டு. கோர்ஸ் இன்ஃபோவுக்கு அங்கே இருந்த செய்தி இதுதான்: கூகுள் தேடல் கிடைக்கும் எல்லாப் பகுதிகளிலும், ஆங்கிலத்தில். நாட்டுக்குத் தடை இல்லை, குவைத்தானாலும் குமரியானாலும் ஒன்றுதான். மொழிக்குத்தான் வரம்பு.

கல்வி தொடர்பான மற்ற வசதிகளையும் தேடிப் படித்தேன். கேள்வி-பதில் பக்கங்களுக்கான வசதி ஆங்கிலம், போர்த்துகீசியம், மெக்சிகோ ஸ்பானிஷ், வியட்நாமிய மொழி ஆகியவற்றுக்கு என்று இருந்தது. பயிற்சி வினாக்களுக்கானது ஆங்கிலத்துக்கு. சோதனைக் கருவி இதையெல்லாம் பார்ப்பதில்லை. குறிப்பு இலக்கணப்படி இருக்கிறதா என்பது மட்டும்தான் அதன் வேலை. பச்சை டிக் வந்தால் காட்டப்படத் தகுதி உண்டு என்று பொருள். காட்டியே தீருவோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வேலையைத் தொடங்கும் முன் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கிடைக்கும் மொழி, கிடைக்கும் நாடு என்ற சிறு பகுதியைத்தான். அது பெரும்பாலும் பக்கத்தின் தொடக்கத்திலேயே இருக்கும், ஓரிரு வரிதான்.

எனக்கு இது மனதை உறுத்தியது. எங்கள் மாவட்டத்தில் டிஎன்பிஎஸ்சி, தையல், தேனீ என்று தமிழிலேயே கற்றுக்கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் படிக்க வருபவர்கள் தமிழில்தான் தேடுகிறார்கள். கட்டணமும் கால அளவும் தேடும்போதே தெரிந்தால் அதிகம் பயன்படப்போவது அவர்களுக்குத்தான்.

தமிழ்ப் பக்கம் அப்படியே இருக்கட்டும், உள்ளே இருக்கும் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிவிடு என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். பக்கத்தில் இருப்பது ஒன்று, குறிப்பில் இருப்பது வேறு என்று ஆகக் கூடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். ஆங்கில விவரத்தைப் பார்த்து நம்பி உள்ளே வருபவர் தமிழ்ப் பாடத்தில் வந்து நின்றால் அவர் நேரத்தைத்தானே வீணாக்குகிறோம்?

இதற்கிடையில் 2025 ஜூனில் ஓர் அறிவிப்பு வந்தது. தேடல் பக்கத்தை எளிமையாக்குவதற்காகச் சில வகைகளை நிறுத்தப்போவதாகக் கூகுள் சொன்னது. அந்தப் பட்டியலில் கோர்ஸ் இன்ஃபோவும் இருந்தது, பாட வீடியோவுக்கான லேர்னிங் வீடியோவும் இருந்தது. செப்டம்பரிலிருந்து சர்ச் கன்சோல் அறிக்கையிலும் சோதனைக் கருவியிலும் அவற்றை எடுத்துவிட்டார்கள். இதனால் பக்கத்தின் தர வரிசை மாறாது என்றும் அறிவிப்பிலேயே இருந்தது. எழுதிய குறியீட்டை நாங்கள் அகற்றவில்லை. ஸ்கீமா பொதுச் சொற்பட்டியல்தானே, இருப்பதால் கெடுதல் எதுவும் இல்லை.

ஆக, ஆங்கிலத்தில் கிடைத்ததும் போய்விட்டது. அந்தக் குறிப்புக்காகப் பக்கத்தில் எழுதிய விவரங்கள் மட்டும் நின்றன. தேடலில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரிகளை கூகுள் பெரும்பாலும் பக்கத்தின் எழுத்திலிருந்தே எடுக்கிறது. எனவே படிப்பின் பெயர், கட்டணம், வாரங்கள், இடம் எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியத்தில் தமிழில் எழுதினோம். இப்போது தமிழில் தேடும்போது அந்த வரி அடிக்கடி அப்படியே வருகிறது. கட்டம் கட்டிய அழகு இல்லை. ஆனால் படிப்பவருக்கு வேண்டிய செய்தி இருக்கிறது.

இலவசமான முதல் பாடத்துக்குத் தனிப் பக்கம் போட்டோம். 2023 டிசம்பரிலிருந்து வீடியோவே முக்கியமாக இருக்கும் பக்கங்களைத்தான் கூகுள் வீடியோ பகுதியில் காட்டுகிறது. ஆயிரம் வார்த்தைக் கட்டுரையின் அடியில் வைத்த வீடியோ அங்கே வராது. அந்தப் பக்கத்துக்கு வீடியோ குறிப்பு எழுத பெயர், முகப்புப் படம், பதிவேற்றிய தேதி மூன்றும் போதும். பணம் கட்டினால் மட்டும் திறக்கும் பாடங்களைத் தேடுபொறி பார்க்க முடியாது, அதனால் அவற்றுக்கு எதுவும் எழுதவில்லை.

சர்ச் கன்சோலில் மக்கள் தட்டும் சொற்களையும் பார்த்துக்கொண்டு வருகிறேன். "தேனீ வளர்ப்பு பயிற்சி" என்று தமிழில் தட்டுகிறார்கள். அதையே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் குறைவில்லை. "தேன் பெட்டி விலை" என்று தேடி எங்களிடம் வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மார்த்தாண்டம் பெட்டிக்கும் நியூட்டன் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சித்தப்பா சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ராணித்தேனீ படிப்பும் தயாராகிவிட்டது. இனி மூன்று படிப்புக்கான கோர்ஸ் லிஸ்ட் குறிப்பை எழுத வேண்டும். அதற்கு முன் அந்த ஆவணத்தின் கிடைக்கும் மொழிப் பகுதியையும் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற தேதியையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.