பாத்துச் செய்யுங்கோ

"சேர், சனங்க பக்கக் கதவத் தட்டுறாங்க. கண்ணு எரியுதாம். தண்ணி கேக்குறாங்க. தொறக்கவா?"

"பாத்துச் செய்யுங்கோ" என்றேன்.

2022 ஜூலை 9, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும். ஜனாதிபதி கோட்டாபய பதவி விலக வேண்டும் என்று சனம் கொழும்பில் திரண்ட நாள். அலுவலகக் காவலர் வீட்டிலிருந்த எனக்குக் கோல் எடுத்திருந்தார். பேச்சு அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குப் பிறகு அதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை அது அனுமதி மாதிரிக் கேட்கிறது. அடுத்த தடவை எச்சரிக்கை மாதிரி.

கொழும்புக் கோட்டையில், சதாம் வீதிக்குப் பக்கத்தில் அலுவலகம். கட்டட நிர்வாகம் என் பொறுப்பு. மே 9 அன்று காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களை அடித்ததும் அதன் பின் நாடு முழுக்க எரிந்ததும் மேலிடத்தைப் பயமுறுத்தியிருந்தன. வெள்ளிக்கிழமை முழுக்க ஆயத்தம்தான். வாசல் பூச்சாடிகளை உள்ளே எடுத்தோம். தூக்கி எறிய வசதியான அளவு. முன் ஷட்டரை இறக்கிப் பூட்டினோம். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்திருந்த நாட்கள் அவை. ஜெனரேற்றருக்கு இருந்த டீசலை அளந்து எழுதிவைத்தோம். வெளியே பொலிஸார் மஞ்சள் இரும்புத் தடைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக நான் மூன்று மொழியிலும் ஓர் அறிவுறுத்தல் தட்டச்சு செய்து, காவலர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். "அனுமதியின்றி எவரையும் உள்ளே விடக்கூடாது." யாருடைய அனுமதி என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அன்றிரவு ஒன்பது மணிக்குப் பொலிஸ் ஊரடங்கு. களனிப் பக்கத்திலிருந்து வரவேண்டிய இரவுக் காவலர் வரவில்லை. பகல் முழுக்க நின்ற அதே மனிதர் தொடர்ந்து நின்றார். ஹட்டன் பக்கத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. இப்படியொரு ஊரடங்குக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சட்டத்தரணிகள் சங்கம் அறிக்கை விட்டது. எனக்கு அது வியப்பாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு ஊரடங்கு என்றால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பது. அது சட்டப்படி சரியா என்று கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை.

காலை எட்டு மணிக்கு ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். நான் போயிருக்கலாம். இந்த இடத்தில்தான் எப்போதும் வேகமாகக் கடந்துபோகப் பார்ப்பேன். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, மனைவி விடவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் கண்டியிலும் காலியிலும் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலை ஓடவைத்துச் சனம் வந்து இறங்கியது. எங்கள் வெள்ளவத்தை வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் காலி வீதி நிறைய ஆட்கள், சைக்கிளில், லொறியில், கால்நடையாக, எல்லோரும் கோட்டைப் பக்கம். நடந்தால் இரண்டு மணி நேரம். அன்றைக்குக் கோட்டைக்கு வர முடியாமல் போனது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

காவலர் கதவைத் திறந்தார். சிசிரிவியில் பிறகு பார்த்தேன். பன்னிரண்டு பேர். ஒரு பையன் சட்டையைக் கழற்றி நனைத்து, கூட வந்த பெண்ணின் முகத்தில் வைக்கிறான். காவலர் தன் தேநீர்க் கோப்பையில் தண்ணீர் மொண்டு மொண்டு கொடுக்கிறார். ஏழெட்டு நிமிடத்தில் வெளியே போய்விட்டார்கள். எதுவும் உடையவில்லை. போகும்போது ஒருவர் கீழே சிந்திய தண்ணீரைச் செருப்பால் வழித்து ஓரமாகத் தள்ளுகிறார். பகல் தாண்ட ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் போனது. அதை எல்லோரும் பார்த்தோம்.

திங்கட்கிழமை மேலிடம் அறிக்கை கேட்டது. நாட்டில் யார் ஜனாதிபதி என்றே தெரியாத வாரம், அவர்களுக்குப் பக்கக் கதவு முக்கியமாக இருந்தது. "கதவு திறப்பதற்கு நிர்வாகத்தினால் அனுமதி வழங்கப்படவில்லை" என்று எழுதினேன்.

பொய் இல்லை. நான் "திற" என்று சொல்லவில்லை. "திறக்காதே" என்றும் சொல்லவில்லை என்பதை அறிக்கை கேட்கவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த மாதம் சம்பளம் பாதிதான் வந்தது. அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். கேட்டதில்லை.

உள்ளே வந்தவர்கள் வேறு மாதிரியானவர்களாக இருந்திருந்தால்? அன்றிரவே பிரதமரின் வீட்டைக் கொளுத்தினார்களே. அப்படி ஏதும் நடந்திருந்தால் என் வார்த்தையை எல்லோரும் எச்சரிக்கை என்றே எடுத்திருப்பார்கள், நானும் உட்பட. கட்டடத்தைப் பார்க்கிறவன் வேறு என்னதான் சொல்ல முடியும் என்று சில நாள் தோன்றும். அங்கே நின்றவருக்குத்தானே நிலைமை தெரியும், அவரிடமே விட்டதில் என்ன பிழை என்றும் தோன்றும். அது நல்ல வாதம். ஆனால் அறிக்கை எழுதும்போது அந்த வாதம் எனக்கு நினைவு வரவில்லை.

காவல் கொம்பனி அவரை வேறு இடத்துக்கு மாற்றியது. வத்தளைப் பக்கம் ஏதோ களஞ்சியசாலை என்றார்கள். போகும் நாளில் என்னிடம் வந்து, "வாறேன் சேர்" என்றார். வழமையான குரல்தான். நான் எழுந்து நின்றேனா என்று ஞாபகமில்லை.

அடுத்த வாரம் அவருடைய பதிவுப் புத்தகம் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. ஜூலை 9. சாய்ந்த, குண்டுக் கையெழுத்து. "11.35 சேருக்குக் கோல் எடுத்தேன். பார்த்துச் செய்யச் சொன்னார். பார்த்தேன். கதவு திறந்தேன். 12 பேர். தண்ணீர்."

கீழே பொறுப்பதிகாரி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திகதி போடவில்லை.