கிழங்கான் பேனின் நான்காம் கால்: மரச் சிலைடு கைகொடுத்தது

மண்டபம் கரையில் வாங்கிய கிழங்கானின் செவுள்மூடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த பெண் காலிகஸைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்: மீனில் ஒட்டி வாழும் பேன் போன்ற ஒட்டுண்ணி, இதுவரை யாரும் விவரிக்காத சிற்றினமாக இருக்கலாம் என்று நான் நினைப்பது. அதன் நான்காம் காலில் வெளிக்கிளையில் இருப்பது இரண்டு கண்டமா (மூட்டுகளுக்கு இடையிலான துண்டு) மூன்று கண்டமா என்பதுதான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. மூன்று. ஊசியால் தள்ளி, அந்த இடத்தில் கால் மடங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இந்த உயிரினக் குழுவோடு பழகிய யாரும் கேட்க மாட்டார்கள். காலிகஸ் பேரினத்தில் 250-க்கும் மேல் சிற்றினங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே தட்டை ஓடு, நெற்றியில் அதே இரண்டு பிறைகள், பின்னால் அதே இரண்டு முட்டைச்சரங்கள். சிற்றினத்தை அடையாளம் காண உதவும் திறவுகோல் அட்டவணையில் இறங்கினால் சீக்கிரமே நான்காம் காலில் வந்து நிற்போம்: எத்தனை கண்டம், எத்தனை முள், எந்த முள் நீளம். அங்கே தப்பான கிளையில் போய்விட்டால் அதற்குப் பிறகு செய்யும் ஒப்பீடு முழுவதும் வீண். மூன்று என்று உறுதியானதும் என் பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிட்டது. மிச்சமிருப்பவற்றில் எதிலும் இந்தக் கண்ட எண்ணிக்கை, முள் நீளங்கள், இனப்பெருக்கக் கண்டத்தின் வடிவம் மூன்றும் சேர்ந்து வரவில்லை. புதிய சிற்றினம் என்ற நம்பிக்கை வலுத்திருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், இரண்டாம் கண்டத்துக்கும் மூன்றாம் கண்டத்துக்கும் நடுவே இருப்பது மங்கலான ஒரு கோடு. சாதாரணச் சிலைடில் காலை வைத்துக் கவர்ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடியால் மூடினால் கால் நசுங்கித் தட்டையாகிறது. நசுங்கியதும் மூட்டு மறைந்துபோகலாம், இல்லாத மடிப்பு மூட்டுபோலத் தோன்றலாம். முட்களும் ஒரே தளத்தில் இருப்பவை அல்ல. ஒன்று நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும், இன்னொன்று விலகியிருக்கும். அழுத்திவிட்டால் நீள விகிதமே பொய்யாகிவிடும். பழைய விவரிப்புகள் சிலவற்றில் நான்காம் கால் படத்தை ஒப்பிட முடியாமல் நான் தவிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். நசுங்கிய காலை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது நசுங்கிய கால்தான்.

அதனால்தான் ஹியூம்ஸ், குடிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இல் எழுதிய மரச் சிலைடு முறைக்கு வந்தேன். இரண்டு மூன்று பக்கக் குறிப்புதான், ஆனால் கோப்பிபாடுகளில் (காலிகஸும் சேர்ந்த சிறு ஓட்டுயிரிக் குழு) வேலை செய்பவர்கள் இன்றைக்கும் அதைத்தான் கையாள்கிறார்கள். கண்ணாடிச் சிலைடு அளவுக்கு ஒரு மரத்துண்டு, நடுவில் வட்ட ஓட்டை, ஓட்டையின் ஒரு பக்கத்தில் கவர்ஸ்லிப். கவர்ஸ்லிப் அடியில் இருக்கும்படி வைத்து, குழிக்குள் ஒரு துளி லாக்டிக் அமிலம், அதில் உயிரி. ஸ்டீரியோ நுண்ணோக்கியில் மேலிருந்து ஊசியால் பிரித்தெடுக்கலாம். பிறகு மரத்துண்டைத் திருப்பினால் துளி கவர்ஸ்லிப்பின் அடியில் தொங்கும், அதிக உருப்பெருக்கம் தரும் எண்ணெய் லென்ஸ் வரைக்கும் போகலாம். எதுவும் நசுங்குவதில்லை. மறுபக்கம் பார்க்க வேண்டுமா, திருப்பு, ஊசியால் புரட்டு, மறுபடி திருப்பு.

என் மரத்துண்டுகள் தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குச் சட்டத்திலிருந்து சீவியவை. மெல்லிய பிளைவுட் வேண்டாம். அமிலம் கசிந்தால் அடுக்கு பிரிகிறது. தடிமனில் கஞ்சத்தனமும் கூடாது, தொங்கும் துளி நுண்ணோக்கியின் மேடையைத் தொட்டால் எல்லாம் போச்சு. துளி சிறிதாக இருக்க வேண்டும். பெரிய துளியில் கால் கீழே இறங்கிவிடும், அதிக உருப்பெருக்க லென்ஸுக்கு எட்டாது. கவர்ஸ்லிப்பின் உள்முகத்தை ஒட்டிக் கால் கிடக்கும் அளவுக்கு மட்டும் அமிலம்.

லாக்டிக் அமிலத்தின் அருமை அது சீக்கிரம் உலராது என்பது மட்டும் அல்ல. சதையை மெல்லக் கரைத்துக் கைட்டின் என்னும் வெளி ஓட்டுப் பொருளை விட்டுவைக்கிறது, மூட்டுச் சவ்வை இளக்குகிறது. மூட்டு உண்மையா என்று கேட்க இதைவிட நல்ல வழி இல்லை. காலின் அடிப்பகுதியை ஓர் ஊசியால் பிடித்துக்கொண்டு, நுனி முள்ளை இன்னோர் ஊசியால் மெல்ல நெட்டினேன். கதவு கீலில் திரும்புவதுபோல் அந்த மங்கலான கோட்டில் கால் திரும்பியது. வெறும் சுருக்கமாக இருந்தால் காலே வளைந்திருக்கும்.

ஒரே கஷ்டம், நாள்கணக்கில் ஊறினால் எல்லாம் கண்ணாடியாகிவிடும். அப்போது குளோரசோல் பிளாக் சாயம் கொஞ்சம். அதோடு, நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சருக்கு அடியில் கறுப்பு அட்டையை வைத்துப் பாதியை மறைத்துப் பாருங்கள். சாய்வாக வரும் வெளிச்சத்தில் முள்ளின் அடியிலிருக்கும் சீப்புத் தகடுகூடப் பல் பல்லாகத் தெரிகிறது. விலை உயர்ந்த டிஐசி நுண்ணோக்கி வசதி இல்லாதவர்களுக்கு இந்த அட்டை பெரிய வரம்.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டங்ஸ்டன் கம்பி 0.25 மி.மீ. இணையத்தில் கிடைக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தோய்த்துக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்தால் நுனி தானே கூராகும். அவசரத்துக்கு அக்குபஞ்சர் ஊசி பரவாயில்லை, ஆனால் வளையும். உண்மையான தலைவலி, மாதிரிகளைக் கெடாமல் வைக்க வேண்டிய எத்தனால். எங்கள் பக்கத்து ஆய்வகப் பொருள் கடைக்காரர் அனுமதிக் கடிதம் கேட்கிறார், கொடுத்தால் சரக்கு இல்லை என்கிறார். டிஎன்ஏ எடுக்க வேண்டிய மாதிரிகளுக்கு 95 சதவீதத்துக்குக் குறைந்தது ஆகாது. தெரிந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் உதவுவதால் வண்டி ஓடுகிறது.

முதல் காலும் மூன்றாம் காலும் இன்னும் வரைந்து முடிக்கவில்லை. அதற்குள் மனம் ஓம்புயிரி, அதாவது பேனைச் சுமக்கும் மீன் பக்கம் ஓடிவிட்டது. கிழங்கான் என்று சந்தையில் சொல்வது ஒரே மீன் அல்ல. அறிவியல் பெயரைச் சில்லாகோ சிஹாமா என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. சில்லாகோ இண்டிகா 1985-இல் இந்தியக் கடலிலிருந்தே விவரிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் குழப்பும் இந்த மீன்களைப் பிரிக்கக் காற்றுப்பையின் வடிவம் பார்க்க வேண்டும். ஆகவே இனி செவுளைப் பார்த்ததும் மீனைக் குழம்புக்குக் கொடுப்பதில்லை, வயிற்றைத் திறந்து காற்றுப்பையைப் படம் எடுத்த பிறகுதான் அடுப்படிக்குப் போகிறது.

மாதிரிகளை எங்கே வைப்பது என்பதும் முடிவாகிவிட்டது. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் மூலமாதிரியை (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி) குறிப்பிட்டாக வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுதியாக வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் புதிய உயிரினத்தை அறிவித்து, மாதிரியைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னைக் கடல் உயிரியல் மையத்தில் கொடுப்பதாக இருக்கிறேன். என் அலமாரியில் இருந்தால் நாளை வேறொருவர் வந்து சரிபார்க்க முடியாது. கடல் மீன்களின் ஒட்டுண்ணிக் கோப்பிபாடுகள் பற்றிய கிருஷ்ண பிள்ளையின் 1985 தொகுதியைப் புரட்டும்போதெல்லாம், பார்த்து ஒப்பிட ஒரு மாதிரி இருப்பதன் மதிப்பு எனக்கு உறைக்கிறது.

இப்போது வேண்டியது ஆண். பெண்ணை மட்டும் வைத்து விவரிக்கலாம், செய்திருக்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. காலிகஸ், தான் ஒட்டியிருக்கும் மீனை விட்டுச் சுலபமாக நீந்திப் போய்விடும். கூடையில் பல மீன்களைக் கொட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், எந்த மீனில் இருந்தது என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. வலையிலிருந்து கழற்றும்போதே ஒவ்வொரு மீனையும் தனிப் பையில் போட வேண்டும்.

நாட்டுப்படகு அண்ணன் ஒருவரிடம் கேட்டேன்.

"பேனுக்கா தம்பி இவ்வளவு பாடு?"

"ஆமாண்ணே, நீங்க பையில போட்டு முடிச்சு மட்டும் போடுங்க, மத்தது நான் பாத்துக்கிறேன்."

ஒத்துக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான் என்பதால் அவர் தொழில் நிற்காது. ஜிப் பைகளைக் கொடுத்தாயிற்று. பையின் அடியில் தங்கும் தண்ணீரையும் கொட்டாமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஆண் கிடைத்தால் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் கிடைக்கும். அதுவரை மூன்றாம் கால்.